ஓதற்பிரிவும் மீட்சியும்: அயல்நாட்டுக் கல்வி ஆசிரியரை உருவாக்கும் பாங்கு

முன்னுரை

கல்வியின் பொருட்டு ஒருவர் தம் மண்ணைப் பிரிந்து செல்வது தமிழருக்குப் புதுமையான செய்தியன்று. தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலை முதலில் வைக்கிறார். பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. கற்பியலில் அப்பிரிவுக்குக் கால எல்லையும் வகுத்து, அது மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது என்கிறார். அகத்திணை மரபில் பிரிவு என்பது மீட்சியை எதிர்நோக்கியே பாடப்படுகிறது. சென்றவன் மீளவில்லையெனில் ஓதற்பிரிவு நிறைவு பெறுவதில்லை.

இக்காலத்தில் ஆசிரியப் பயிற்சி பெறும் நம் இளைஞர்கள் பலருக்கு அயல்நாடு சென்று கற்கும் வாய்ப்புக் கிட்டுகிறது. உதவித்தொகைகள் உள்ளன, வழிகாட்டுவோரும் உள்ளனர். அதே வேளையில் பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் சில ஐயங்கள் எழுகின்றன. கற்பிக்கும் தொழிலுக்கு அயல்நாட்டுக் கல்வி எந்த அளவு துணை செய்யும்? சென்றவர் திரும்புவாரா? திரும்பினால் நம் வகுப்பறைக்குப் பயன்படுவாரா? இவை புறந்தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல. இவற்றிற்கு விடை காண, நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு சான்றினை, டாக்டர் ஜாகிர் உசேனும் அவர்தம் தோழர்களும் பெற்ற அயல்நாட்டுக் கல்வியினை, இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இஸ்லாமிய மரபில் கல்விப் பயணம்

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருக்குர்ஆன் பலவிடங்களில் மாந்தரை அழைக்கிறது. கல்வியைத் தேடிச் செய்யும் பயணத்திற்கு 'ரிஹ்லா' என்னும் பெயர் அரபு மரபில் நிலைபெற்றது. நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு நபிமொழியை நேரிற் கேட்டறிவதற்காக ஒரு மாதத் தொலைவு பயணம் செய்தார். இமாம் புகாரி (ரஹ்) புகாரா நகரிற் பிறந்து, மக்கா, மதீனா, பஸ்ரா, கூஃபா, பக்தாத் எனப் பல ஊர்களிலும் ஆசிரியர்களைத் தேடிச் சென்றார்.

இம்மரபில் நம் பொருளுக்கு மிக நெருங்கியது, திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயம் கூறும் மூஸா நபி (அலை) அவர்களின் பயணமாகும். ஒரு சமுதாயத்திற்கே வழிகாட்டியாக விளங்கிய இறைத்தூதர், தமக்குத் தெரியாத ஒன்றைக் கற்பதற்காக ஓர் இறையடியாரைத் தேடிச் செல்கிறார். அவ்வடியாரைக் கிழ்ரு (அலை) என்று மரபு குறிப்பிடுகிறது. அவருடன் செல்ல மூஸா நபிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை பொறுமை ஒன்றே. பார்த்தவுடன் தீர்ப்புக் கூறாமலிருப்பதே அப்பயணத்தின் கடினமான பாடமாகவும் அமைந்தது. கற்பிப்பவர் மீண்டும் கற்பவராக மாறும்போது ஏற்படும் மன நெருக்கடியை இந்நிகழ்ச்சி தெளிவாகப் புலப்படுத்துகிறது. அயல்நாடு செல்லும் பயிற்சி ஆசிரியர் முதலிற் சந்திப்பதும் இதே நெருக்கடியைத்தான். ஊரில் பலர் மதித்த அவர், அங்கே மொழி தெரியாதவராகவும், பேருந்தில் ஏறும் முறைகூட அறியாதவராகவும் நிற்கிறார். வகுப்பில் பின்வரிசையில் விழித்துக்கொண்டிருக்கும் மாணவனின் நிலை இன்னதென்று அப்போது அவருக்கு விளங்குகிறது. எந்தப் பாடநூலும் இவ்விளக்கத்தை முழுமையாகத் தந்துவிடாது.

பெர்லினில் மூவர்

ஜாகிர் உசேன் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின் எழுச்சியில் 1920 அக்டோபர் 29 அன்று அலிகரில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தோன்றியபோது, அதனை உருவாக்கிய இளைஞர் அணியில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 23. புதிய நிறுவனத்தில் ஏறத்தாழ ஈராண்டுகள் கற்பித்த பின், 1922இல் செருமனிக்குப் புறப்பட்டார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, பிரித்தானிய இந்தியாவின் வேளாண் நிலை குறித்து ஆய்வு செய்து 1926இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கே அவருடன் இருவர் இணைந்தனர். ஆபித் உசேன் பெர்லினில் மெய்யியலும் கல்வியியலும் பயின்றவர். முகம்மது முஜீப் இலக்னோவின் வசதிமிக்க வழக்கறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றபின் அச்சுக்கலை கற்பதற்காகச் செருமனி வந்தவர். மூவரும் பிற்காலத்தில் ஜாமிஆவின் தூண்களாயினர்.

அவர்கள் கண்ட செருமனி போரில் தோற்ற நாடு. 1923இல் அதன் நாணயம் மதிப்பிழந்து, ஒரு ரொட்டிக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுக்கும் நிலை உண்டாயிற்று. ஆயினும் அந்நாட்டார் பள்ளியைப் பற்றிய சிந்தனையைக் கைவிடவில்லை. எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் முதல் நான்காண்டுகள் ஒரே தொடக்கப் பள்ளியில் சேர்ந்து கற்க வேண்டும் என்னும் சட்டம் 1920இலேயே வந்திருந்தது. மியூனிக் நகரப் பள்ளிகளை 1895 முதல் 1919 வரை நிருவகித்த கியார்க் கெர்சென்ஸ்டைனர், பள்ளியில் பட்டறையும் தோட்டமும் சமையலறையும் இருத்தல் வேண்டும் என்றும், கையால் செய்யும் வேலையின் வழியே அறிவும் ஒழுக்கமும் வளர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இவருடைய 'வேலைப் பள்ளி'க் கருத்து ஜாகிர் உசேனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பொருளியல் கற்கச் சென்றவர் கல்வியாளராகத் திரும்பியதற்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

தொலைவில் நின்று தன்னைக் காணல்

அயல்நாட்டில் வாழ்பவர் அந்நாட்டை மட்டும் அறிவதில்லை. தம் நாட்டையும் புதிதாக அறிகிறார். ஜாகிர் உசேன் பெர்லினில் இருந்தபோது செய்த இரு பணிகள் இதனை மெய்ப்பிக்கின்றன.

முதலாவது, உருது மகாகவி காலிபின் கவிதைத் தொகுப்பை அழகிய பதிப்பாக 1925இல் பெர்லினிலுள்ள காவியானி அச்சகத்தின் வழி வெளிக்கொணர்ந்தது. அப்பதிப்பிற்காக அவர் தம் கையாலேயே அச்சுக் கோத்தார் என்பர். தாய்மொழியின் செல்வம் நல்ல தாளில், நல்ல எழுத்தில், பிழையின்றி வரவேண்டும் என்னும் ஆவல், செருமானிய நூல்களின் செப்பத்தைக் கண்டதால் எழுந்ததாகலாம். இரண்டாவது, காந்தியடிகளின் கருத்துகளை விளக்கும் நூலொன்றைச் செருமானியர் ஒருவருடன் இணைந்து 1924இல் செருமன் மொழியில் வெளியிட்டது. பிறர்க்கு விளக்கப் புகும்போதே ஒருவர் தம் நாட்டுச் சிந்தனையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள நேர்கிறது. தெளிந்தால்தான் விளக்க முடியும் என்பது ஆசிரியத் தொழிலின் அடிப்படையன்றோ!

தமிழ் பயிலும் நம் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். அயல்நாடு செல்வோர்க்குத் தாய்மொழி தேவையில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தம் மொழியையும் இலக்கியத்தையும் நன்கறிந்தவரே அயல்நாட்டார் அவையில் கொடுப்பதற்கு ஒன்றுடையவராகிறார். வெறுங்கையுடன் செல்பவர் வாங்கி வருவதும் பெரும்பாலும் மேலெழுந்தவாரியான பழக்கங்களாகவே அமைந்துவிடும்.

மீட்சி: கற்றது கடனாதல்

இம்மூவரின் வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது அவர்கள் திரும்பி வந்த முறையாகும். 1924இல் துருக்கியில் கிலாஃபத் நீக்கப்பட்டது. கிலாஃபத் இயக்கத்தின் நிதியுதவியால் இயங்கிய ஜாமிஆ நிலைகுலைந்தது. 1925இல் ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் அது அலிகரிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. செய்தியறிந்த ஜாகிர் உசேனும் தோழர்களும், தாங்கள் வந்து பணியாற்றச் சித்தமாயிருப்பதாகவும், நிறுவனத்தை மூடிவிட வேண்டாம் என்றும் செருமனியிலிருந்து தெரிவித்தனர். 1926இல் மூவரும் திரும்பினர். தில்லி கரோல்பாகில் வாடகைக் கட்டடங்களில் இயங்கிவந்த அந்நிறுவனத்தின் துணைவேந்தர் பொறுப்பினை ஜாகிர் உசேன் ஏற்றபோது அவருக்கு வயது 29.

பட்டமும் திறமையும் பெற்றிருந்த இவர்கட்கு உயர்ந்த பதவிகள் எங்கும் கிட்டியிருக்கும். 1927இன் இறுதியில் ஹக்கீம் அஜ்மல் கான் மறைந்ததும் வறுமை மேலும் இறுகியது. 1928இல் ஜாமிஆவின் ஆசிரியர்கள் ஒரு கழகமாக அமைந்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிவதென்றும், திங்கள் ஊதியமாக 150 ரூபாய்க்கு மேற் பெறுவதில்லையென்றும் உறுதிமொழி ஏற்றனர். அயல்நாட்டுக் கல்வி அவர்களிடம் உரிமை கோரும் மனப்பான்மையை வளர்க்காமல் கடமையுணர்வை வளர்த்ததற்கு இவ்வுறுதிமொழி சான்றாகும்.

ஈண்டு மற்றோர் உண்மையையும் நாம் கவனித்தல் வேண்டும். இம்மூவரும் இல்லாதிருப்பின் ஜாமிஆ பிழைத்திருப்பது அரிது. ஜாமிஆ என்ற ஒன்று இல்லாதிருப்பின் இம்மூவரின் கல்வியும் பயன்படும் இடமின்றித் தனித்தனியே கரைந்திருக்கும். கற்று வருபவரும், அவரை ஏற்றுக்கொள்ளும் நிறுவனமும் சந்திக்கும் இடத்திலேதான் அயல்நாட்டுக் கல்வி பலன் தருகிறது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் ஓதற்பிரிவு வெறும் பிரிவாகவே முடிந்துவிடும்.

தொடக்கப் பள்ளியில் முனைவர்

பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர் தம் கவனத்தின் பெரும்பகுதியை ஜாமிஆவின் தொடக்கப் பள்ளிக்கு அளித்தார். அங்குப் பிள்ளைகள் தாமே கடை நடத்தினர்; சேமிப்பு வங்கி நடத்தினர். கணக்கும் நேர்மையும் ஒருங்கே அங்குப் பாடமாயின. பிள்ளைகளுக்காக ஜாகிர் உசேன் கதைகள் எழுதினார். அபூகானின் வெள்ளாடு பற்றிய கதை உருது வழங்கும் வீடுகளில் நன்கறியப்பட்டது. 1935 மார்ச் 1ஆம் நாள் ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும் வாய்ப்பு, பள்ளியிலேயே மிக இளைய மாணவனுக்கு வழங்கப்பட்டது. தலைவர்களையும் செல்வர்களையும் அழைத்து அடிக்கல் நாட்டும் வழக்கத்திற்கிடையே இச்செயல் ஒரு கல்விக் கொள்கையையே அறிவித்தது எனலாம்.

மாணவர்கள் காலணியைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாததைக் கண்ட அவர், ஒருநாள் தாமே வாயிலில் அமர்ந்து அவர்களுடைய காலணிகளுக்கு மெருகிட்டார் என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கைவேலையை இழிவாகக் கருதாத பள்ளியை அவர் செருமனியில் கண்டார். உழைப்பின் உயர்வை நபிகள் நாயகம் (சல்) அவர்களின் வாழ்க்கையில் முன்னரே கற்றிருந்தார். அயலில் கண்டது அகத்தில் இருந்ததைத் தட்டி எழுப்பிற்று. ஆசிரியரின் வளர்ச்சி பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது.

மற்றொரு பயணமும் குறிப்பிடத்தக்கது. பெர்லினில் இம்மூவரின் நட்பைப் பெற்ற யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்போர்ன், 1933இல் ஜாமிஆவில் வந்து சேர்ந்தார். சிறுவர் விடுதியையும் மழலையர் கல்வியையும் கவனித்தார். பிள்ளைகள் அவரை 'ஆபாஜான்' என்று மூத்த சகோதரியாக அழைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர் என்னும் காரணத்தால் ஆங்கில அரசு அவரைத் தடுப்புக் காவலில் வைத்தது. 1943இல் நோயுற்று மறைந்த அவர், ஜாமிஆவின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கற்கச் சென்ற மூவர் நூல்களையும் கருத்துகளையும் மட்டும் கொண்டு வரவில்லை. ஓர் ஆசிரியையின் வாழ்நாளையே நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஈட்டித் தந்தனர். கடற்பயணத்தில் மகளிரைச் சேர்க்காத பழைய வழக்கு மறைந்து, நம் மாணவியரும் கடல்கடந்து கற்கும் இந்நாளில் இவ்வம்மையாரின் வரலாறு நினைக்கத்தக்கது.

வார்தாவில் சீர்தூக்கல்

1937 அக்டோபர் திங்களில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழிக் கல்வி பற்றி ஆராயப்பட்டது. ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பயிற்று முறை, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடம் ஆகியன அதன் கூறுகள். பாடத்திட்டம் வகுக்க அமைந்த குழுவிற்கு ஜாகிர் உசேன் தலைவரானார். அதன் அறிக்கை அவ்வாண்டு திசம்பர் 2ஆம் நாள் அளிக்கப்பட்டது. இதுவே பின்னர் 'ஆதாரக் கல்வி' எனத் தமிழகத்திலும் அறியப்பட்டது.

அக்குழுவின் அமைப்பே நமக்கு ஒரு பாடம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயின்று, அலிகர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய குவாஜா குலாமுஸ் சையிதைன் அதில் இருந்தார். அமெரிக்காவில் பயின்றவரும் தஞ்சையிற் பிறந்தவருமான ஜே.சி. குமரப்பா இருந்தார். சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றிய இலங்கைத் தமிழர் ஆரியநாயகம் அதன் அமைப்பாளராக விளங்கினார். அவர்களுக்கு இணையாக, அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் பயிலாத வினோபாவும் அமர்ந்திருந்தார். கடல்கடந்து கற்றவரும் உள்ளூரிலேயே தவமியற்றியவரும் ஒரே பாயில் அமர்ந்து உருவாக்கிய திட்டம் அது.

அம்மாநாட்டில் ஜாகிர் உசேன் ஆடிய பங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. செயல்வழிக் கற்றல் உலகிற்கு முற்றிலும் புதியதன்று என்பதை அவர் எடுத்துரைத்தார். பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்றே பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதை வற்புறுத்தினால், ஆசிரியர் வேலை வாங்குபவராகவும் மாணவர் கூலிகளாகவும் மாறிவிடக்கூடும் என எச்சரித்தார். காந்தியடிகளிடம் பேரன்பு கொண்டிருந்தும், அவர் முன்னிலையிலேயே தம் ஐயத்தைப் பணிவுடன் வெளியிட்டார். செருமனியில் வேலைப் பள்ளியின் நன்மைகளை ஆராய்ந்தறிந்தவர் ஆதலின், கல்விக்கும் உற்பத்திக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வந்ததையெல்லாம் ஏற்காமலும், வந்ததென்பதற்காகவே தள்ளாமலும் சீர்தூக்கும் இவ்வாற்றலே அயல்நாட்டுக் கல்வி ஆசிரியருக்கு அளிக்கும் தலைசிறந்த கொடையாகும்.

அத்திட்டம் முஸ்லிம் லீக்கின் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் நாடெங்கும் தோன்றியும், அவை எதிர்பார்த்த அளவு நிலைபெறவில்லை. நல்ல கருத்தும் அதனை உள்ளவாறு உணர்ந்த ஆசிரியர் இல்லாவிடத்து வெறும் நூல் நூற்கும் சடங்காகிவிடுகிறது என்பது அவ்வரலாறு தரும் எச்சரிக்கை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

சிறந்த ஆசிரியராவதற்குக் கடல்கடந்து செல்வது இன்றியமையாததா எனச் சிலர் வினவலாம். இன்றியமையாதது அன்று என்பதே நம் விடை. ஜாமிஆ தொடக்கப் பள்ளியின் புகழுக்குக் காரணமானவர்களுள் அப்துல் கஃப்பார் முதோலி என்னும் ஆசிரியரும் ஒருவர். அவர் பயிற்சி பெறச் சென்றது பஞ்சாபிலுள்ள மோகா என்னும் ஊருக்கே. அங்கிருந்த கிறித்தவச் சமயத் தொண்டர்களின் பயிற்சிப் பள்ளியில் செயல்திட்ட முறையைக் கற்று வந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார். தம் வட்டத்திற்கு வெளியே சென்று, பிறர் செய்யும் நல்லதைப் பணிவுடன் கற்றல் என்பதே இதன் சாரம். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (சல்) அவர்கள் வழிசெய்ததை இவ்விடத்து நினைவு கூர்வோம். பகைவரிடமிருந்தும் எழுத்தை ஏற்ற சமுதாயம் நம்முடையது.

நாம் செய்யத்தக்கன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

பயிற்சி மாணவர்கள் புறப்படுமுன் தம் பாடத்திலும் தாய்மொழியிலும் வேரூன்றுதல் வேண்டும். சென்ற இடத்தில் நூலகத்தோடும் விரிவுரையோடும் நில்லாது, அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அமர்ந்து, ஆசிரியர் பிள்ளைகளிடம் பேசும் முறையையும், தவறிய விடையை அவர் எதிர்கொள்ளும் பாங்கையும் நாள்தோறும் குறித்துவருதல் வேண்டும். திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனையாது, ஒரு வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்டுதல் வேண்டும்.

மூத்த ஆசிரியர்கள், மீண்டு வந்தவரைப் 'புதுமை பேசுபவர்' என ஒதுக்காமல், அவர் கண்டவற்றைக் கேட்பதற்கு ஓர் அவை அமைத்துத் தருதல் வேண்டும். அவர் கூற்றில் நம் சூழலுக்குப் பொருந்தாதவற்றைச் சுட்டிக்காட்டும் கடமையும் அவர்களுக்கு உண்டு.

சமுதாயப் பெரியோர்க்கும் நிருவாகத்தினர்க்கும் ஒரு வேண்டுகோள். பயணச் செலவும் கட்டணமும் தருவதோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை. அவர் திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு வகுப்பறையையும், முயன்று பார்ப்பதற்கு உரிமையையும், கௌரவமாக வாழ்வதற்கேற்ற ஊதியத்தையும் ஆயத்தமாக வைத்திருங்கள். ஜாமிஆவின் ஆசிரியர்கள் வறுமையைத் தாமாக ஏற்றனர். அத்தியாகத்தைப் பிறரிடம் கட்டளையாகக் கேட்பது முறையாகாது. வாயில் மூடிக்கிடக்குமாயின், பிள்ளைகள் திரும்பவில்லையே எனப் பின்னர் வருந்துவதில் பொருளில்லை.

முடிவுரை

ஜாகிர் உசேன் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஜாமிஆவை வழிநடத்தினார். 1946 நவம்பரில் அதன் வெள்ளிவிழா மேடையில் நேருவும் ஜின்னாவும் ஒருங்கே அமர்ந்திருந்தபோது, நாட்டில் பரவிவந்த பகைத்தீயை அணைக்குமாறு அவ்விருவரையும் உள்ளிட்ட தலைவர்களிடம் மன்றாடும் துணிவு அவ்வாசிரியருக்கு இருந்தது. பின்னர் அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், பீகார் ஆளுநராகவும், குடியரசுத் துணைத்தலைவராகவும் விளங்கி, 1967இல் குடியரசுத் தலைவரானார். நம் தமிழகத்திலும் இளையான்குடியில் ஒரு கல்லூரி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1969 மே 3ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே மறைந்த அவர், ஜாமிஆ வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஓதலுக்காகப் பிரிந்தவர் மீண்டு வந்து, தாம் கற்றதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது அவருடைய கல்வி நிறைவெய்துகிறது. அந்நிறைவுக்குக் கற்பவரின் உறுதியும் வேண்டும். வரவேற்கும் சமுதாயத்தின் ஆயத்தமும் வேண்டும். நம் மாணவ மாணவியர் உலகெங்கும் சென்று கற்பார்களாக! அவர்கள் மீளும் நாளில் திறந்த வகுப்பறைகளுடன் நாமும் காத்திருப்போமாக!